தவுடும் மக்காச்சோளமும் மட்டும்

பையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் இழுத்து வெச்சுக்கறனுங்க, நீங்க நல்லா உக்காருங்க. பாத்துங்க, உள்ளார கத்திரிக்கோல் இருக்குது. துணி வெட்டற கத்திரி. நேத்துத்தான் சாணை புடிச்சு வாங்கியாந்தன்.

இல்லீங்க, நான் டெய்லர் இல்லீங்க. எனக்கு ஊசியில நூல் கோக்கறதுக்கே கண்ணாடி வேணும். எந்தம்பி பொண்டாட்டிதான் டெய்லரு. யசோதான்னு பேரு. ஊதியூருக்கு இந்தப் பக்கம் அவங்கம்மா ஊர்ல இருக்கறா. வாரத்துக்கு ரெண்டு தரமாச்சும் போயிருவன். அவ சாக்பீஸ்ல கோடு போட்டுச் சொல்லுவா, நான் வெட்டுவன். அவளுக்கு வலது கையில ரெண்டு வெரல் இல்லீங்க. எடுத்துட்டாங்க. மிச்சம் இருக்கறதும் மடங்காது.

ஐயோன்னு சொல்றீங்க பாருங்க, எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. மிசின்ல சிக்கிக்கிச்சான்னு கேப்பாங்க. ஆமாங்கன்னு சொல்லிப்போடுவன். அதுக்கு மேல கேக்க மாட்டாங்க. உங்ககிட்ட என்னமோ அப்படிச் சொல்ல வாய் வரலீங்க. நீங்க காங்கயத்துல எறங்கி உங்க வழியில போயிருவீங்க. என்னைய நீங்க மறுபடி எங்க பாக்கப் போறீங்க.

மிசின் இல்லீங்க. பன்னிக்குட்டி.

எங்களுக்குத் தாராபுரத்துக்கு அந்தப் பக்கம் தோட்டம். என்ற பேரு துளசிமணி. வீட்டுக்காரரு சென்னியப்பன். மொதல்ல தறி வெச்சிருந்தமுங்க. தறியில சோறு இல்லைன்னு ஆனதுக்கப்பறம் அதையெல்லாம் எடைக்குப் போட்டுட்டு, அந்தச் செட்டுலயே குறுக்குச் சொவரு வெச்சு வெள்ளைப் பன்னி விட்டம். கேரளாக்காரரு வண்டி கொண்டாந்து வாசல்லயே ஏத்திக்கிட்டுப் போயிருவாரு. நல்ல தொழிலுங்க. பன்னிங்கறது நாம நெனைக்கற மாதிரி அழுக்குச் சீவன் இல்லீங்க. எடம் குடுத்தா ஒரு மூலையிலதான் அசிங்கம் பண்ணும், இன்னொரு மூலையில சுத்தமாப் படுத்துக்கும். நாமதான் எடம் குடுக்கறதில்ல.

ஆனா சனம் பேசுமுங்களே. என்ற மாமியார் வழி ஒறம்பரையெல்லாம் எங்க வாசல் வரைக்கும் வந்துட்டு, தண்ணிக்குப் பக்கத்து வீட்டுக்குப் போனாங்க. கூடப்பொறந்த அக்கா, 'ஏண்டி, வேற எதுவும் கெடைக்கலியா உனக்கு'ன்னு கேட்டா. ஒருத்தி வரல, ஒருத்தி எட்டிப் பாக்கல. யசோதா வந்தா. சீலையத் தூக்கிச் சொருவிக்கிட்டு, தண்ணிக் கொழாயைக் கையில எடுத்துக்கிட்டு, 'எந்தப் பட்டியில இருந்து கழுவறது நங்கையா'ன்னு கேட்டா. நாத்தனாரை எங்க பக்கம் நங்கையான்னுதான் கூப்புடுவாங்க. அப்ப அவிய எங்க தோட்டத்துக்கு அடுத்த வீதியிலதான் குடியிருந்தாங்க. எந்தம்பி கொழந்தவேலு லாரிக்காரன். மாசத்துல பாதி நாளு வடநாட்டுல கெடப்பான். இவ வெடியால எங்கூட வந்து பட்டி கழுவிப்போட்டு, குளிச்சு, பத்து மணிக்கெல்லாம் மிசின்ல உக்காந்துருவா. ஜாக்கெட்டுன்னா அவகிட்டத்தான். முகூர்த்த மாசத்துல அவ வீட்டுத் தாவாரத்துல பொம்பளைங்க செருப்பு வெக்க எடம் இருக்காது. கழுத்து வெட்டுனான்னா அப்படி இருக்கும். உடம்புல ஒட்டிக்கும், ஆனா இழுத்துப் புடிக்காது.

அவளுக்கு நான் கூலி குடுத்ததில்லீங்க. வாங்க மாட்டா. அதையும் நான் எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லிக்குவன்.

சரி, விசயத்துக்கு வாரன்.

குட்டிங்களுக்குப் பால் மறக்கடிக்கறமுங்களே, அதைக் கொஞ்சம் முன்னாலயே பண்ணிட்டா தாய்ப்பன்னி சீக்கிரமா மறுபடி சினையாகும். எல்லாரும் பண்றதுதான். ஆனா அப்படிப் பண்ணுனா குட்டிங்களுக்குக் கழிச்சல் புடிச்சுக்கும். தண்ணியாட்டப் போகும். காத்தால பாத்தா ஓடியாடற குட்டி, பொழுதோட பாத்தா கண்ணு உள்ள போயிக் கெடக்கும். நான் சின்னச் சின்னச் சாக்குல எடுத்துட்டுப் போயிக் குழியில போட்டிருக்கறனுங்க. அப்பத்தான் தீவனக்கடை திருமூர்த்தி ஒரு பொடி குடுத்தாரு. தவுட்டுல கலந்து வையுங்கன்னாரு. வெச்சம். கழிச்சல் நின்னு போச்சு. அதிசயமா நின்னு போச்சுங்க. போதாதுக்கு, அந்தப் பொடி தின்ன குட்டிக எடையும் நல்லாப் போட்டுது.

அதுக்கப்பறம் யாராச்சும் நிறுத்துவாங்களா, நீங்களே சொல்லுங்க. சீக்கு வந்தா மருந்துங்கறது போயி, சீக்கே வரக்கூடாதுன்னு மருந்து. தெனமும் தீவனத்தோட பொடி. நல்லா இருக்கறதுக்கும் பொடி, நோவுல கெடக்கறதுக்கும் பொடி. சோத்துக்கு உப்புப் போடற மாதிரி ஆகிப்போச்சு.

கொஞ்ச நாள்ல அந்தப் பொடி கேக்கலீங்க. மறுபடியும் கழிச்சல். திருமூர்த்தி வேற பொடி குடுத்தாரு. அது கேட்டுது. அப்பறம் அதுவும் கேக்கல. ஊசி குடுத்தாரு. நானே போடுவன். ரெண்டு ஊசியில குட்டி எந்திரிச்சு நின்னுச்சுன்னா மூணாவது எதுக்கு தண்டமான்னு விட்டுருவன். கடைசியா ஒரு வெள்ளை டப்பா குடுத்தாரு. மேல பேரு இல்ல, ஊரு இல்ல. 'அக்கா, இது வெளிய சொல்ல வேண்டாம். ஆனா இதுக்கு மிஞ்சி ஒண்ணும் இல்லை'ன்னாரு. நெசமாவே நல்ல மருந்துங்க. ஒரு குட்டி சாகல.

எங்க பக்கத்துக் கால்நடை டாக்டரம்மா பர்வீன்னு. சின்ன வயசு. ஒரு நா சினைப்பன்னியப் பாக்க வந்தவங்க, தவுட்டு மூட்டை மேல இருந்த டப்பாவை எடுத்து மூடியத் தெறந்து பாத்தாங்க. தொட்டுப் பாத்தாங்க. 'இது எங்க வாங்கினீங்க'ன்னாங்க.

'அம்மா, இதுவா இருக்கும்னு நான் நெனைக்கற மருந்து நெசமாவே இதுன்னா, இதை ஆடுமாடு, கோழி, பன்னி எதுக்கும் தீவனத்துல குடுக்கக் கூடாதுன்னு கவர்மெண்டே தடை பண்ணியிருக்கு. மனுசங்களுக்கு வேற எந்த மருந்தும் கேக்காதப்ப, கடைசியாப் போடறதுக்குன்னு ஆஸ்பத்திரியில வெச்சிருக்கறது இது'ன்னாங்க.

'பன்னிக்குக் குடுத்தா மனுசனுக்கு என்னங்க'ன்னு கேட்டன்.

அவங்க கோவப்படல. பட்டிச் சொவத்து மேல உக்காந்துக்கிட்டாங்க. 'உங்க தோட்டத்துல பார்த்தீனியத்துக்கு மருந்தடிக்கறீங்க. எல்லாம் கருகிருது. எங்கயோ ஒண்ணு ரெண்டு கருகாம நிக்குது. அடுத்த மழைக்கு அந்த ரெண்டோட வெதைதான் தோட்டம் பூரா மொளைக்கும். அப்பறம் அதே மருந்தை எத்தனை அடிச்சாலும் சாகாது. இந்தப் பட்டியில இருக்கற கிருமியும் அப்படித்தான். தெனமும் கொஞ்சம் கொஞ்சம் மருந்து குடுத்து, சாகாத கிருமியா நீங்களே பொறுக்கி வளத்தறீங்க. அது பன்னியோட நிக்காது. சாணியில இருக்கும், தண்ணியில இருக்கும், உங்க கையில இருக்கும்.'

அப்ப என்னதான் பண்றதுன்னு கேட்டன். குட்டியத் தாய்கிட்ட இன்னுங் கொஞ்ச நாளு விடுங்க, ஒரு பட்டியில இத்தனை அடைக்காதீங்க, தரைய ஈரமில்லாம வையுங்க, சீக்கு வந்ததுக்கு மட்டும் மருந்து, அதையும் நான் சொல்ற அளவுக்கு, சொல்ற நாள் வரைக்கும்ன்னாங்க. எனக்கு அன்னைக்கு அத்தனை ஆத்திரம் வந்துதுங்க. மாசச் சம்பளம் வாங்கறவங்க எதையும் கொறைன்னு சொல்லிப்போட்டு வண்டியில ஏறிப் போயிரலாம். சாக்குல குட்டியக் கொண்டு போறது நானு.

டப்பாவைத் தூக்கி அவங்க கண்ணுல படாத எடத்துல வெச்சன். அவ்வளவுதான் நான் பண்ணுன மாத்தம்.

யசோதா அப்ப அங்கதான் இருந்தா. தண்ணிக் கொழாயப் புடிச்சுக்கிட்டு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருந்தா. அவங்க போனதுக்கப்பறம், 'நங்கையா, அந்தம்மா சொல்றது எனக்கென்னமோ பயமா இருக்குது'ன்னா. 'உனக்கு ஊசி புடிக்கறதுக்குப் பயமா? இல்லீல்ல? இதுவும் அப்படித்தான், வேலையப் பாரு'ன்னன். அவ சிரிச்சா. நான் எது சொன்னாலும் சிரிப்பா.

குட்டி பொறந்ததும் ஊசிப்பல்லு இருக்குமுங்க. மேல ரெண்டு பக்கம், கீழ ரெண்டு பக்கம். அதை நறுக்கி விடோணும். இல்லாட்டித் தாயோட காம்பைக் கிழிச்சுப்போடும். யசோதா குட்டியப் புடிச்சுக்குவா, நான் குறட்டுல நறுக்குவன். அன்னைக்கும் அப்படித்தான். அதுக்கு முன்னால எனக்கு மாவு கையா இருந்துதுன்னு, 'நீயே அந்தப் பொடியக் கலந்துரு கண்ணு'ன்னன். வெறுங்கையில கலந்தா. கலந்த கையோட வந்து குட்டியப் புடிச்சா. ஒரு குட்டி திமிறுச்சு. பல்லு அவ உள்ளங்கையில, இங்க பாருங்க, கட்டை வெரலுக்கும் ஆள்காட்டி வெரலுக்கும் நடுவால, நறுக்குனு எறங்கிருச்சு.

ஒரு பொட்டு ரத்தம். அவ்வளவுதானுங்க. 'ஊசி குத்தாத நாளு ஏது நங்கையா எனக்கு'ன்னு சொல்லிப்போட்டு, தண்ணியில கையக் காமிச்சுட்டு, அடுத்த குட்டியப் புடிச்சா.

மறுநா கை வீங்கியிருந்துது. நான் மருந்துக்கடையில சொல்லி மாத்திரை வாங்கிக் குடுத்தன். ரெண்டு வேளை போட்டா, வீக்கம் வத்துன மாதிரி இருந்துது, விட்டுட்டா. நாந்தான் விடச் சொன்னன். சும்மா சும்மா மாத்திரை தின்னா ஒடம்புக்கு ஆகாதுன்னு சொன்னன். என்ற புத்தியப் பாருங்க. பன்னிக்கு வேளாவேளைக்குக் கொட்டுனவ, அவளுக்கு மாத்திரை ஆகாதுன்னன்.

அப்பறம் காய்ச்சல். கை முழங்கை வரைக்கும் செவந்து, பளபளன்னு ஆகிப்போச்சு. கொழந்தவேலு அன்னைக்குத்தான் லோடு எறக்கிட்டு வந்திருந்தான். மூணு பேரும் தாராபுரத்துல ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனம்.

இப்ப நாஞ்சொல்றதைக் கொஞ்சம் கவனிச்சுக் கேளுங்க. இதுதானுங்க.

அந்த டாக்டரு நல்ல பையன். கையத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. எதுல பட்டதுன்னாரு. பன்னிக்குட்டி கடிச்சதுன்னு யசோதா சொன்னா. உடனே பேனாவைக் கீழ வெச்சுட்டாரு. 'பண்ணையா? பன்னிக்கெல்லாம் மருந்து ஏதாவது குடுக்கறீங்களா? தீவனத்துல எதையாவது கலக்கறீங்களா? அது தெரிஞ்சாத்தான் இவங்களுக்கு எதுல ஆரம்பிக்கறதுன்னு எனக்குத் தெரியும்'ன்னாரு. யாரைக் கேக்கறதுன்னு எங்க மூணு பேரையும் பாத்தாரு.

யசோதா என்னையப் பாத்தா.

நான் சொன்னன்: 'அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க சார். தவுடும் மக்காச்சோளமும் மட்டுந்தானுங்க.'

ஏன் சொன்னன்னு கேளுங்க. நானே எத்தனையோ தடவை கேட்டுப் பாத்துட்டன். தடை பண்ணுன மருந்தாச்சே, கேஸாகிப் போயிருமோன்னு ஒரு பயம். கேரளாக்காரரு காதுக்குப் போனா வண்டி வராதுன்னு ஒரு நெனப்பு. ஆனா இதெல்லாம் அப்பறமா நான் தேடிப் புடிச்ச காரணமுங்க. அந்த நேரத்துல இது எதுவும் மனசுல இல்ல. எந்தம்பி கதவுகிட்ட நின்னுக்கிட்டிருந்தான். அவனுக்கு முன்னால, டாக்டரம்மா வேண்டாம்னு சொன்னதை நான் குடுத்தன், உம் பொண்டாட்டியையே கலக்க வெச்சன்னு சொல்லோணும். அதுக்கு வாய் வரல. இது வந்துருச்சு.

டாக்டரு யசோதாவைப் பாத்து, 'அப்படியாம்மா?'ன்னாரு. அவ தலையாட்டுனா.

வழக்கமாப் போடற மருந்தையே போட்டாரு. அது பாட்டுக்கு எறங்குது, காய்ச்சல் எறங்கல. மாத்திப் போட்டாரு. அதுவும் இல்ல. சீழ் எடுத்துச் சோதனைக்கு அனுப்பி, அது என்ன கிருமின்னு பதில் வர்றதுக்குள்ள ரெண்டு வெரலும் நெறம் மாறிப்போச்சு. கோயமுத்தூருக்குக் கொண்டு போகச் சொல்லிட்டாங்க. ஆம்புலன்ஸ்ல நான் அவ தலைமாட்டுல உக்காந்திருந்தன். வாயத் தெறந்து சொல்லிரலாம், இப்பவாச்சும் சொல்லிரலாம்னு பல்லடம் வரைக்கும் நெனச்சன். சூலூரு வரைக்கும் நெனச்சன்.

கோயமுத்தூரு டாக்டரு வயசானவரு. சோதனையெல்லாம் பாத்துட்டு எங்களைக் கூப்புட்டு உக்கார வெச்சாரு. 'இந்தக் கிருமி நெறைய மருந்தைப் பாத்துப் பழகுனது. எங்ககிட்ட இருக்கறதுல பாதிக்கு மேல இதுக்குக் கேக்காது. கடைசியா நம்பற மருந்து கூடக் கேக்காது. ஒண்ணு மிச்சம் இருக்கு, அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், பாத்துப் பாத்துத்தான் போடோணும். வெரலை எடுத்தாத்தான் கையக் காப்பாத்தலாம்'ன்னாரு. கொழந்தவேலு அழுதான். சின்ன வயசுல கெணத்துல விழுந்தப்பக்கூட அழுகாத பையனுங்க அவன்.

அவன் வெளிய போனதுக்கப்பறம் நான் மட்டும் திரும்பி உள்ள போனன். 'சார், மொதல்லயே இது இந்த மாதிரிக் கிருமின்னு தெரிஞ்சிருந்தா?'ன்னு கேட்டன்.

'வேற மாதிரி ஆரம்பிச்சிருப்போம். சீக்கிரமாவே இங்க வந்திருப்பீங்க'ன்னாரு.

'வெரலு நின்னிருக்குமுங்களா?'

'அப்படி உறுதியாச் சொல்ல முடியாதும்மா. நின்னிருக்கலாம்.'

அந்த 'லாம்' இருக்குது பாருங்க. நிக்காதுன்னு சொல்லியிருந்தா நான் தப்பிச்சிருப்பன். நின்னிருக்கும்னு சொல்லியிருந்தா ஒரேடியா இடிஞ்சு உக்காந்திருப்பன். இது ரெண்டும் இல்லாம, பல்லு இடுக்குல சோத்துப் பருக்கையாட்ட மாட்டிக்கிட்டு, எடுக்கவும் முடியல, முழுங்கவும் முடியல.

ஆஸ்பத்திரியில நாந்தான் அவகூட இருந்தன். தலை வாரி விட்டன், சோறு ஊட்டி விட்டன், பீ மூத்திரம் அள்ளுனன். பக்கத்துப் படுக்கைக்காரி சொல்லுவா, 'நாத்தனாருன்னா உங்களாட்ட இருக்கோணுமுங்க'ன்னு. கொழந்தவேலு வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம், 'எங்கக்கா இல்லாட்டி இவளே இல்லீங்க'ன்னான். அவ கண்ணை மூடிப் படுத்திருப்பா. தூங்கறாளா கேட்டுக்கிட்டிருக்கறாளான்னு எனக்குத் தெரியாது.

ஊருக்கு வந்ததும் மொத வேலையா அந்த டப்பா, மிச்சமிருந்த பொடி, ஊசி மருந்து எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயி எங்க தோட்டத்துக்குக் கீழால போற பள்ளத்துல கொட்டிட்டன். மழைத்தண்ணி ஓடிக்கிட்டிருந்துது, எல்லாம் அடிச்சுக்கிட்டுப் போயிருச்சு. அதோட தலைமுழுகுன மாதிரி இருந்துது. பன்னிகளையும் ஒண்ணு விடாம ஏத்தி உட்டாச்சு. டாக்டரம்மா, கோயமுத்தூரு ஆஸ்பத்திரியில இருந்து தகவல் வந்ததுன்னு, பன்னிகளைச் சோதிக்கோணும்னு வந்தாங்க. வந்து பாத்தா வெறும் பட்டி. 'மருந்து தின்ன பன்னிய உடனே கறிக்குத் தாட்டி உட்டுட்டீங்களா? மருந்தெல்லாம் எங்க?'ன்னாங்க. பள்ளத்துல கொட்டிட்டனுங்கன்னு தைரியமாவே சொன்னன். அதைச் சொல்றதுக்கு எனக்கென்ன வெக்கம்? அவங்க மூஞ்சி செத்துப் போச்சு. 'கீழ எத்தனை ஊரு ஆடுமாடு அந்தத் தண்ணியக் குடிக்குதும்மா'ன்னாங்க. அதுக்கு நான் என்னங்க பண்றது. ஊட்டுல வெச்சிருந்தாலும் தப்பு, தூக்கி எறிஞ்சாலும் தப்பு. தண்ணியோட போனது போனதுதான?

இப்ப பட்டி சும்மாத்தான் கெடக்குது. எங்க வீட்டுக்காரரு கோழி விடலாமான்னு பாக்கறாரு. கோழிக்கு அந்தப் பொடி தேவையில்லையாமுங்க. திருமூர்த்தி வேற ஏதோ இருக்குதுன்னாராம். நான் ஆகட்டும்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. அவருக்குப் பொடி தெரியும். டாக்டரு கேட்டதும் நான் சொன்னதும் தெரியாது.

யசோதா அவங்கம்மா ஊருக்கே போயிட்டா. ஒத்தாசைக்கு ஆளு வேணுமில்ல. அங்க போனதுக்கப்பறம்தான் நான் போயி வெட்டிக் குடுக்க ஆரம்பிச்சன். எடது கையில கோடு போடறா, எடது கையில மிசின்ல துணியத் தள்ளறா. வெட்டறது மட்டும் முடியல. மொதல்ல நான் ஒரு கலியாணப் பொண்ணோட பட்டுத்துணியக் கோணலா வெட்டிப்போட்டன். அவ துணியத் தூக்கிப் பாத்துட்டு, 'கைக்குத் தனியா ஒரு பட்டி வெச்சுத் தெச்சா இதே புது மாடலுங்க நங்கையா'ன்னா. திட்டல. ஒரு வார்த்தை திட்டல. எனக்கு அதுதானுங்க ஆத்தாமை. அவ என்னையத் திட்டியிருக்கோணும். எம் மூஞ்சியில துணிய வீசியிருக்கோணும். போனா, 'வாங்க நங்கையா'ங்கறா. காப்பித்தண்ணி வெக்கறா. எடது கையில டம்ளரை எடுத்து நீட்டறா. அதை நான் எப்படிங்க வாங்கிக் குடிக்கறது? அவ நல்லவங்கறது வாஸ்தவந்தான். ஆனா இப்படி நல்லவளா இருந்து ஒருத்திய உசுரோட வறுக்கலாமா?

போன மாசம் முடிவு பண்ணிட்டன். கொழந்தவேலு அங்க அவ ஊட்டுல இருந்தான், உக்காந்து சோறு தின்னுக்கிட்டிருந்தான். தின்னு முடிக்கட்டும்னு காத்துக்கிட்டிருந்து, 'தம்பி, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும். அந்தத் தாராபுரத்து டாக்டரு...'ன்னு ஆரம்பிச்சன்.

'ஏனுங்க மாமா'ன்னு அடுப்படியில இருந்து இவ கூப்புட்டா. 'கருப்பு நூல் தீந்து போச்சு, கடை சாத்தறதுக்குள்ள போயி வாங்கிட்டு வந்துருங்களே.' அவன் கையக் கழுவிட்டுக் கெளம்பிட்டான். 'வந்து கேக்கறனுங்க்கா'ன்னு சொல்லிட்டுப் போனான்.

அவ வந்து எனக்கு எதுக்கால உக்காந்தா. கருப்பு நூலு பெட்டி நெறைய இருந்துதுங்க. நான் பாத்தன்.

'அவருகிட்டச் சொல்லப் போறீங்களா?'ன்னா.

'சொல்லிர்றன் கண்ணு. என்னால முடியல.'

'அந்த டாக்டரு கேட்டப்ப எனக்கும் வாய் இருந்துதுங்க நங்கையா. நீங்க சொல்லுவீங்கன்னு உங்களைப் பாத்தன். நீங்க இல்லைன்னீங்க. அத்தனை பேரு முன்னால எங்க நங்கையா பொய் சொல்றாங்கன்னு நான் எப்படிச் சொல்லுவன்? உங்களைக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு தலையாட்டுனன். அதுக்கு என்ற கை போகும்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குந் தெரியாது.'

நான் அவ கையப் புடிக்கப் போனன். அவ மடியில வெச்சுக்கிட்டா.

'இப்பச் சொன்னீங்கன்னா உங்களுக்கு மனசு லேசாயிரும். எனக்கென்ன ஆகும்? அவரு உங்க வாசப்படி மிதிக்க மாட்டாரு. உங்க பொண்ணு கலியாணத்துல தாய்மாமன் எடம் காலியாக் கெடக்கும். எம் புள்ளைக்கு அத்தைன்னு சொல்லிக்க ஆளு இருக்காது. நீயும் தெரிஞ்சே வாய மூடிக்கிட்டுத்தான இருந்தேன்னு என்னையும் ஒரு நா கேப்பாரு. வெரலும் போயி, இதெல்லாமும் போகோணுமா எனக்கு?'

நான் அழுதனுங்க. அவ அழுகல.

'சொல்லக் கூடாதுங்க நங்கையா. உள்ளயே வெச்சுக்கங்க. நானும் வெச்சுக்கிட்டுத்தான இருக்கறன். எறக்கி வெக்கறதுக்கு உங்களுக்கு ஒரு எடம் வேணும்னா, அது எங்க ஊடு இல்லீங்க.'

கோவமாச் சொல்லலீங்க. ஜாக்கெட்டு அளவு சொல்ற மாதிரிச் சொன்னா. சொல்லிப்போட்டு, அந்தச் செவப்புத் துணிய எடுங்க, வெளிச்சம் இருக்கறப்பவே கை வளைவு வெட்டிரலாம்னா. வெட்டுனன். கொழந்தவேலு நூலோட வந்தான். 'என்னமோ சொல்லோணும்னீங்களேக்கா'ன்னான். 'அந்தத் தாராபுரத்து டாக்டரு நல்ல மனுசன்னு சொல்ல வந்தன் தம்பி'ன்னன்.

அன்னையில இருந்து இப்படித்தானுங்க. ஊட்டுல சொல்ல முடியாது, தம்பிகிட்டச் சொல்ல முடியாது, அவகிட்டச் சொல்றதுக்கு ஒண்ணுமே இல்ல, அவளுக்கே எல்லாந் தெரியும். பஸ்ல பக்கத்துல வந்து உக்கார்றவங்ககிட்டத்தான். போன வாரம் ஒருத்தரு பாதியிலயே எந்திரிச்சு வேற சீட்டுக்குப் போயிட்டாரு. நீங்க போகல. அதுவரைக்கும் புண்ணியமுங்க.

ஏனுங்க கண்டக்டரு, அடுத்த நிறுத்தமுங்க. விசில் அடிச்சுருங்க.

பாருங்க, அந்த வேப்பமரத்துக்குக் கீழால. நீலச் சீலை. வேண்டாம், நானே வந்துக்கறன்னு சொன்னாலும் கேக்க மாட்டா, வந்து நிப்பா, பையை வாங்கிக்கறதுக்கு. நான் எறங்குனதும் அவ உங்களைப் பாத்துச் சிரிப்பாளுங்க, கூட வந்தவங்கன்னு. நீங்களும் சிரிச்சுருங்க. கையப் பாக்காதீங்க. மூஞ்சியப் பாத்துச் சிரிங்க.